கத்தியவாரா, மார்வாரியா, பந்தயக் குதிரையா, மட்டக்குதிரையா? முதல் குதிரை வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

ஆடி மாதம் நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே வகையான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போகிறோம், எந்தக் குதிரையைப் பிடிக்கலாம் என்று கேட்பார்கள். இந்த ஆண்டு கேட்டவர்களில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நிலமும், குதிரை மேல் ஆசை கொண்ட பதினைந்து வயது மகனும் இருக்கிறார்கள். இன்னொருவர் தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் சவாரி போக விரும்பும் நாற்பது வயதுக்காரர். மூன்றாமவருக்குத் திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். மூவரும் "காது சேர்ந்த குதிரைதான் வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் குதிரையைத்தான் அப்படிச் சொல்வார்கள். மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

எதை வைத்து அளப்பது

சந்தையில் குதிரை பார்ப்பவர்கள் முதலில் சுழி பார்க்கிறார்கள். நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரே தரமுள்ள இரண்டு குதிரைகளின் விலை இரு மடங்கு வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன். சுழி சுத்தமான குதிரையைத் திரும்ப விற்பது எளிது என்பது உண்மை. ஆகவே அதற்குச் சந்தை மதிப்பு உண்டு. காலுக்கும் குளம்புக்கும் குணத்துக்கும் அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை. நான் முன்வைக்கும் அளவுகோல்கள் வேறு.

முதலாவது, வேலை: சவாரியா, வண்டியா, ஊர்வலமா, இனவிருத்தியா என்பது. இரண்டாவது, ஏறுபவரின் எடையும் அனுபவமும். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. மூன்றாவது, உங்கள் ஊரின் வெயிலையும் ஈரப்பதத்தையும் அந்தக் குதிரை தாங்குமா என்பது. நான்காவது, லாடம் கட்டுபவரும் குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரும் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்கள் என்பது. கடைசியாக, வாங்கும் விலையைவிட வைத்திருக்கும் செலவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குவதையும், சமைத்த அரிசியும் இறைச்சியும் கொடுத்து வளர்க்கத் தெரியாமல் வளர்ப்பதால் அவற்றில் பெரும்பாலானவை மாண்டு போவதையும் குறித்து வைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வாங்கிய பிறகு வந்த வயிற்றுவலியைப் பற்றியதுதான்.

கத்தியவார்

இது குஜராத்தின் சௌராஷ்டிரத் தீபகற்பத்துக் குதிரை. அந்நிலத்தை ஆண்ட காத்தி இனத்தாரின் பெயரால் நிலத்துக்கும், நிலத்தின் பெயரால் குதிரைக்கும் பெயர் வந்தது. அங்கிருந்த சிற்றரசுகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குதிரைப் பரம்பரையைப் பேணி வந்தன. அந்தப் பரம்பரைகள் பல, மூலத் தாய்க்குதிரையின் பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றன. குறைந்த மழை, வறண்ட புல், நெடுந்தூரப் பயணம் ஆகியவற்றில் தேறிய குதிரைகளே அங்கு இனம் பெருக்கின. போர்க்குதிரையாக மராட்டியப் படையிலும் பின்னர் ஆங்கிலேயர் படையிலும் இருந்தது. இன்றும் குஜராத் காவல்துறையின் குதிரைப் படையில் இருக்கிறது. ஓடும் குதிரையிலிருந்து ஈட்டியால் தரையிலுள்ள ஆப்பைப் பிடுங்கும் விளையாட்டிலும் போலோவிலும் இறங்குகிறது, வண்டியும் இழுக்கிறது. ஒரே குதிரை எல்லா வேலைக்கும் என்று தேடுபவருக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

அடையாளங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஏமாற்று நடப்பது இங்கேதான். காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும், சில குதிரைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே அரைவட்டம் திருப்ப வல்லது. நெற்றி அகன்று, முகம் பக்கவாட்டில் பார்க்கும்போது நடுவே குழிந்திருக்கும். உயரம் பெரும்பாலும் 58 அங்குலத்தை ஒட்டி அமையும், 60 அங்குலத்தைத் தாண்டுவது அரிது. எங்கள் தொழுவத்தில் உள்ள பெண்குதிரை மண் நிறம். பிடரி முடியும் இடத்திலிருந்து வால் வரை முதுகெலும்பின்மேல் கரிக்கோடு ஒன்று நேராக ஓடுகிறது, முன்னங்கால் முட்டிக்கு மேல் வரிக்குதிரைக்கு இருப்பது போல மங்கிய பட்டைகள் இருக்கின்றன. இந்தக் கோடும் பட்டையும் எல்லாக் கத்தியவாருக்கும் இருப்பதில்லை. செந்நிறம், சாம்பல், கபிலம் எல்லாம் உண்டு. கறுப்பு மட்டும் இந்த இனத்தின் நிறமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே "சுத்தக் கறுப்பு கத்தியவார்" என்று ஒருவர் கயிற்றைக் கையில் கொடுத்தால், குதிரை நல்லதாகவே இருக்கலாம். இனத்துக்கென்று கேட்கும் கூடுதல் பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதன் இயல்பான சிறப்பு நடை, வடக்கே ரேவால் என்று அழைக்கப்படுவது. நான்கு கால்களும் தனித்தனியே தரையைத் தொட, ஏறியவர் சேணத்திலிருந்து எழும்பாமல் அமர்ந்தே இருக்கலாம். முதுகுவலிக்காரர்கள் ஒருமுறை இதில் அமர்ந்துவிட்டால் மற்ற குதிரையின் குலுக்கும் பெருநடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாக் கத்தியவாருக்கும் இந்த நடை அமையாது. சந்தையில் சவாரி செய்து பாராமல் சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. கால் எலும்பு மெலிந்தது, பின்னங்கால் முட்டி சற்று உள்ளே வளைந்த அமைப்பு பலவற்றில் காணப்படும். உயரமான, 85 கிலோ எடையுள்ள ஒருவர் அன்றாடம் ஏறுவதற்கு இது உகந்ததன்று. அறிவு மிகுந்த குதிரை என்பதால் தவறையும் விரைவில் கற்றுக்கொள்ளும். கொட்டகைத் தாழ்ப்பாளை உதட்டால் தள்ளித் திறக்கப் பழகிய எங்கள் குதிரைக்காக நாங்கள் மூன்று வகைத் தாழ்ப்பாள் மாற்றியிருக்கிறோம். ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் மற்றவரை ஏற்க நாளாகும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வாடகைத் தொழிலுக்கு இந்தக் குணம் இடைஞ்சல்.

மறைந்திருக்கும் செலவு, தூரம். உண்மையான சான்றுள்ள கத்தியவார் வேண்டுமென்றால் ராஜ்கோட், ஜூனாகட், அம்ரேலி பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். லாரி வாடகை, உடன் வரும் ஆள், வழியில் தங்கும் செலவு எல்லாம் சேரும். சந்தையில் விற்கப்படுபவற்றில் பல, கத்தியவாரும் மார்வாரியும் கலந்தவை. சவாரிக்கு அது பாதகமில்லை.

மார்வாரி

காது இதற்கும் சேரும். அதனால்தான் குழப்பம். ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் பகுதியின் ரத்தோர் மன்னர்கள் வளர்த்த இனம் இது. கத்தியவாருக்கு நெருங்கிய உறவு. 1576இல் ஹல்திகாட்டிப் போரில் ராணா பிரதாப்பைச் சுமந்த சேத்தக் எந்த இனம் என்று இரு தரப்பாரும் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள், அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. பிரித்தறிய எளிய வழி முகம்: மார்வாரியின் முகம் நேராகவோ சற்றே புடைத்தோ நீண்டிருக்கும், கத்தியவாரின் முகம் குறுகிக் குழிந்திருக்கும். உயரம் 60 அங்குலத்தைத் தாண்டி 64 வரை சாதாரணமாகக் கிடைக்கும். கறுப்பும் உண்டு, வடக்கே பழைய வழக்கில் அந்நிறத்தை ஆகாதது என்பார்கள், இங்கே அதற்குத்தான் கூடுதல் விலை.

எடை கூடியவருக்கும், ஊர்வலத்தில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பவருக்கும் இது கத்தியவாரைவிடப் பொருத்தம். வெயிலையும் வறட்சியையும் அதற்கு நிகராகத் தாங்கும், ரேவால் நடையும் உண்டு. ஆனால் நம் சந்தைகளில் இன்று நடக்கும் மார்வாரி மோகத்தில், பணம் பெரும்பாலும் உயரத்துக்குத்தான் போகிறது. இரண்டு அங்குலம் கூடினால் விலை எங்கோ போய்விடுகிறது.

இன்னொரு மறைசெலவும் உண்டு. நாட்டியம் பழக்கிய குதிரையைச் சவாரிக்கு வாங்குவது பலர் செய்யும் பிழை. கால் பிணைத்து, மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கக் கற்றுக்கொடுத்த குதிரை, ஊர்ச் சாவடியைக் கடக்கும்போது பறைச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கும். முதுகில் புதியவர் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதை மறக்கடிக்க ஒரு பயிற்சியாளருக்கு மாதக்கணக்கில் பணம் கட்ட நேரும்.

வெள்ளைக் குதிரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நொக்ரா என்பது தனி இனம் என்று சந்தையில் சொல்வார்கள். வெள்ளை மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட நிறத்துக்கே அந்தப் பெயர். அந்தத் தோல் வெயிலில் வெந்து உரியும், மூக்கு நுனியில் முதலில் தெரியும். தோல் கறுத்து மயிர் மட்டும் வெளுத்த குதிரை பிறக்கும்போது வேறு நிறத்தில் இருந்து வயதில் வெளுத்தது. அதற்கு வெயில் பயம் இல்லை, ஆனால் முதுமையில் வாலடியில் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். வாங்கும்போது வாலைத் தூக்கிப் பாருங்கள்.

பந்தயத்திலிருந்து விலகிய தரோபிரெட்

தரோபிரெட் என்பது பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம். விலகியதன் விலை கேட்டால் மலைப்பாக இருக்கும், அவ்வளவு மலிவு. ஓட்டத்தில் வெற்றி பெறாத அல்லது காலில் அடிபட்ட குதிரையை வைத்திருக்கும் செலவைத் தவிர்க்க உரிமையாளர்கள் குறைந்த தொகைக்கு விட்டுவிடுகிறார்கள். 62 முதல் 66 அங்குல உயரம், 450 கிலோவுக்கு மேல் எடை, மனிதர் கை பழகியது, லாரி ஏறத் தெரிந்தது, கனமானவரும் ஏறலாம். தடை தாண்டும் பயிற்சி எடுக்க விரும்புபவருக்கு நாட்டு இனங்களைவிட இதுவே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் புதியவருக்கு அல்ல. பந்தயக் குதிரை கடிவாளத்தில் சாய்ந்து ஓடப் பழகியது. அச்சத்தில் நீங்கள் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, அது வேகம் கூட்டச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளும். குளம்புச் சுவர் மெலிது, கல் பாதையில் லாடம் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. வயிற்றுப் புண் பலவற்றுக்கு ஏற்கெனவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரப்பதம் மிகுந்த வெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோய் உண்டு. ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து இங்கு கொண்டுவந்த குதிரைகளில்தான் அது முதலில் கவனிக்கப்பட்டது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் இந்தக் குதிரைக்கு மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் ஆடம்பரம் ஆகா. ஊட்டி, ஏற்காடு, ஓசூர் போன்ற இடங்களில், பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

மட்டக்குதிரை

ஜட்கா வண்டி இழுத்த பரம்பரை. இன்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மெரினா மணலிலும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நிற்பது. தக்காணத்தின் பீம்தாடிக் குதிரை அண்மையில் தனி இனமாகப் பதிவு பெற்றுவிட்டது, நம் மட்டத்துக்கு அப்படி ஒரு பதிவு இல்லை; ஆகவே இனத்தூய்மை பற்றிய பேச்சே எழாது, அது வாங்குபவருக்கு ஒரு வகையில் நிம்மதி. குளம்பு கல் போன்றது, தீவனம் குறைவு, நோய் குறைவு. முப்பது கிலோ எடையுள்ள சிறுவர் ஏறவும், சிறு வண்டி இழுக்கவும் இதை மிஞ்சியது இல்லை.

செலவு ஒளிந்திருப்பது இரண்டு இடத்தில். பிள்ளை மூன்றே ஆண்டில் வளர்ந்து குதிரைக்குப் பாரமாகிவிடுவான். மற்றது, அன்பினால் அளவுக்கு மீறித் தானியம் போட்டு, குளம்பின் உட்பகுதி வீங்கி நொண்டவைக்கும் குளம்பழற்சியை வரவழைப்பது. நாட்டு மட்டம் பட்டினியில் சாவதைவிடக் கொழுத்து நொண்டுவதே வீடுகளில் அதிகம்.

எந்தக் குதிரையானாலும் வரும் செலவு

350 கிலோ குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் இரண்டு சதவீதம், அதாவது ஏழு கிலோ உலர்தீவனக் கணக்கில் தின்னும். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பசுமையாகவே கொடுப்பதானால் முப்பது கிலோவுக்கு மேல் அறுக்க வேண்டும். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர். சாணம் நாளுக்குப் பதினைந்து கிலோ. லாடம் கட்டினால் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டாவிட்டாலும் குளம்பு சீவ ஆள் வர வேண்டும்.

தீவனத்தில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குப் போட்டிருந்த கோ-4 நேப்பியர் புல் தோட்டத்தில் செழித்து நின்றதால், ஆறேழு மாதம் அதையும் கோதுமைத் தவிட்டையும் மட்டுமே குதிரைக்குப் போட்டேன். முதலில் காலையில் எழுந்து நடக்கும்போது விறைப்பு தெரிந்தது, பிறகு ஒரு கால் மாற்றி ஒரு கால் நொண்டியது. லாடத்தைக் குறை சொல்லி இருமுறை மாற்றினோம். வந்து பார்த்த மருத்துவர் காலைத் தொடவே இல்லை, இரு கட்டைவிரல்களாலும் கன்ன எலும்பைத் தடவிப் பார்த்து, "என்ன புல் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுகிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்கிறது, முகம் வீங்குகிறது, கால் நொண்டுகிறது. அருகம்புல்லும் குதிரைமசாலும் போட்டு மீட்க நான்கு மாதம் ஆயிற்று. மசாலுக்குப் பெயரிலேயே குதிரை இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுத்தீவனத்திலும் கோழித்தீவனத்திலும் கலக்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லக்கூடியது. ஒரே கொட்டகையில் பல உயிர்கள் இருந்தால் மூட்டைகளைத் தனி அறையில் வையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது தின்றதுதான். டெட்டனஸ் ஊசி ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் போட வேண்டும்.

ஒரே பார்வையில்

| | கத்தியவார் | மார்வாரி | தரோபிரெட் | மட்டம் |
|---|---|---|---|---|
| உயரம் (அங்குலம்) | 58–60 | 58–64 | 62–66 | 58க்குக் கீழ் |
| வெயில் தாங்குதல் | மிக நன்று | மிக நன்று | குறைவு | நன்று |
| குளம்பு | உறுதி | உறுதி | மெலிது | மிக உறுதி |
| புதியவருக்கு | பொறுமை இருந்தால் | பழக்கிய பெண்குதிரை மட்டும் | வேண்டாம் | சிறுவருக்கு ஆம் |
| வாங்கும் விலை | நடுத்தரம் | அதிகம் | குறைவு | குறைவு |
| வைத்திருக்கும் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு |
| ஒளிந்த செலவு | தூரப் பயணம், கலப்பினம் | உயர மோகம், நாட்டியப் பழக்கம் | லாடம், மருத்துவம், பயிற்சி | பிள்ளை வளர்ந்துவிடுதல் |

கேட்ட மூவருக்கும்

பதினைந்து வயது மகனுக்கு மட்டம் இப்போதே சிறியது. ஏழெட்டு வயதான, பழகிய கத்தியவார்ப் பெண்குதிரை பொருந்தும். ஆண்குதிரை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் காயடிக்கும் வழக்கம் குறைவு என்பதால் சந்தையில் நிற்பவற்றில் கம்பீரமானவை எல்லாம் முழு ஆண்களாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்குதிரை வந்து நின்றால் அதன் பிறகு உங்கள் கையில் கயிறு மட்டும்தான் மிஞ்சும். போருக்குப் போன காத்திகளே பெண்குதிரையைத்தான் விரும்பினார்கள்.

காலைச் சவாரிக்காரர் தம் எடையைச் சொல்லவில்லை. 65 கிலோவுக்குள் என்றால் ரேவால் நடை உள்ள கத்தியவார். அதற்கு மேல் என்றால் 62 அங்குலத்துக்குக் குறையாத மார்வாரி. சாலை தார் என்றால் முன்னங்காலுக்கு மட்டுமாவது லாடம் வேண்டும்.

ஊர்வலத் தொழிலுக்கு மார்வாரிதான், வேறு எதையும் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். வெடிச் சத்தத்துக்குப் பழகியதா என்பதை விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், ஒரு திருமணத்தில் நேரில் நின்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

எதை வாங்கினாலும் சந்தையில் வாயைத் திறந்து பல் பாருங்கள்: ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்து முடிந்திருக்கும், அதற்குக் குறைந்ததில் முதல்முறை வாங்குபவர் கை வைக்க வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை லாரியில் ஏற்றாதீர்கள். அந்நோய் மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவதே சட்டம். வீடு வந்ததும் பழைய உரிமையாளர் போட்ட அதே தீவனத்தைப் பத்து நாளுக்குத் தொடர்ந்து, புதியதைக் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து மாற்றுங்கள். அதற்காக வாங்கும் அன்றே விற்பவரிடமிருந்து ஒரு மூட்டைத் தீவனத்தையும் விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சந்தையில் இதைக் கேட்டு யாரும் இல்லையென்று சொன்னதில்லை.